மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு: ஐந்து நாள், இரண்டு சைக்கிள்

முதல் நாள்: மன்ஹைம்

ஜெர்மனியில் இருக்கும் இந்த ஊருக்குக் காலை ரயிலில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்து இறங்கினோம். நானும் மகனும், இரண்டு சைக்கிள், ஆளுக்கு இரண்டு பை. அவனுக்குப் பதினான்கு வயது, பள்ளிக்கூடம் லீவு. ஐந்து நாளில் 194 கிலோமீட்டர் போவதாகத் திட்டம். அவசரமே இல்லை.

இந்த 194 கிலோமீட்டருக்கு ஒரு கதை உண்டு. 1888 ஆகஸ்டில், இதேபோல் ஒரு பள்ளி விடுமுறையில், பெர்த்தா பென்ஸ் என்கிற 39 வயதுப் பெண் இந்த மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்குப் புறப்பட்டார். கூடவே மகன்கள் இருவர்: ஆய்கனுக்கு 15 வயது, ரிச்சர்டுக்கு 13. குதிரை இல்லை, ரயில் இல்லை. கணவர் கார்ல் பென்ஸ் செய்து வைத்திருந்த மூன்று சக்கர மோட்டார் வண்டி. கணவரிடம் சொல்லவும் இல்லை. மோட்டார் வண்டியில் ஒருவர் ஊர் விட்டு ஊர் போனது அதுதான் முதல் முறை. அவர்கள் போன பாதை ஒன்று, திரும்பிய பாதை வேறு. இரண்டும் சேர்ந்ததுதான் இந்த 194 கிலோமீட்டர். 2008 முதல் அதை அவர் பெயரிலேயே நினைவுப் பாதையாக வைத்திருக்கிறார்கள். வழியெங்கும் பலகை உண்டு.

மன்ஹைமின் நடு ஊரில் பெரும்பாலும் தெருவுக்குப் பெயர் கிடையாது. கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் முதலில் தேடிப் போனது டி6 (T6). கார்ல் பென்ஸின் முதல் பட்டறை இருந்த கட்டம். இன்றைக்கு அங்கே சாதாரணக் கட்டடங்கள், கீழே நிறுத்தியிருக்கும் கார்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து ஊரின் பெரும்பகுதி போய்விட்டது. பட்டறையைப் பார்க்கலாம் என்று யாரும் வர வேண்டாம். நாங்கள் சும்மா அந்தக் கட்டத்தை ஒரு சுற்று சுற்றி வந்தோம்.

கார்லின் அப்பா ரயில் எஞ்சின் ஓட்டுநர். மகனுக்கு இரண்டு வயதாகும்போதே இறந்துவிட்டார். விதவைத் தாய் கஷ்டப்பட்டுப் படிக்க வைத்தார். பையன் கார்ல்ஸ்ரூவ பாலிடெக்னிக்கில் படித்து, நாலைந்து இடத்தில் வேலை பார்த்து, 1871இல் ஆகஸ்ட் ரிட்டர் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து இங்கே பட்டறை போட்டார். கூட்டு சரிப்பட்டு வரவில்லை. ரிட்டருடைய பங்கைக் கொடுத்து அனுப்பக் கையில் காசில்லை. அப்போது பெர்த்தாவோடு நிச்சயமாகியிருந்தது. தனக்கு வரவேண்டிய சீதனப் பணத்தைக் கல்யாணத்துக்கு முன்பே வாங்கி அந்தப் பெண் பட்டறையில் போட்டார். 1872 ஜூலை 20இல் கல்யாணம்.

கார்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை. கோயம்புத்தூரில் கணபதி பக்கம் என் அப்பா லேத் பட்டறை ஆரம்பித்தபோது முதல் லேத்துக்கு முன்பணம் அம்மாவின் நாலு வளையல். அடகு வைத்த ரசீதை அப்பா ரொம்ப நாள் பர்சில் வைத்திருந்தார். பெயர்ப்பலகையில் அப்பா பெயர் மட்டும்தான். எங்கள் தெருவில் அத்தனை பட்டறையும் அப்படித்தான்.

டி6இல் நடந்த ஒரு ராத்திரியை மகனுக்குச் சொன்னேன். 1879, டிசம்பர் 31. வருஷம் முழுக்க உழைத்த இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் ஓடவே மாட்டேன் என்றிருக்கிறது. கடன் வேறு. இரவுச் சாப்பாடு முடிந்ததும் பெர்த்தாதான், வாங்க, பட்டறைக்குப் போய் இன்னொரு தடவை பார்ப்போம் என்று கூப்பிட்டிருக்கிறார். போனார்கள். எஞ்சின் ஓடியது. இருவரும் ஒரு மணி நேரம் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். வெளியே புத்தாண்டு மணி அடித்திருக்கிறது. கார்ல் பென்ஸே வயதான காலத்தில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

சாயங்காலம் ரிங் சாலைப் பக்கம் போனோம். 1886 ஜனவரி 29இல் மோட்டார் வண்டிக்கான காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டார் பென்ஸ். அதன் எண் 37435. அதே வருஷம் ஜூலை 3இல் ஊரார் பார்க்க ஓட்டிய இடம் இது. ஒரு சிலிண்டர், 954 சிசி, முக்கால் குதிரைத்திறன், வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர். பெட்ரோல் தீர்ந்துவிடக்கூடாதே என்று ஆய்கன் கையில் புட்டியோடு வண்டி பக்கத்திலேயே ஓடி வந்தானாம். இதைச் சொன்னதும் என் மகன், "பதிமூணு வயசுப் பையன் கூடவே ஓடி வர்ற வேகம்தானா?" என்றான். ஆமாம், அவ்வளவுதான்.

நாளைக் காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும்.

இரண்டாம் நாள்: மன்ஹைம் – ஹைடல்பெர்க் – வீஸ்லோக் – ப்ருக்ஸால்

ஆறரை ஆகிவிட்டது. கிளம்பும்போதே என் தோடு ஹெல்மெட் வாரில் மாட்டிக்கொண்டது. மகன்தான் நிதானமாக எடுத்துவிட்டான். கழற்றிப் பையில் போட்டுக்கோ என்றான். கழற்றவில்லை.

பெர்த்தா கிளம்பியது விடியற்காலையில். எஞ்சின் சத்தத்தில் வீட்டுக்காரர் எழுந்துவிடக்கூடாது என்று மூவரும் வண்டியைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு வந்து, கொஞ்ச தூரம் தள்ளித்தான் கிளப்பினார்களாம். வண்டிக்குச் சாவி கிடையாது. பின்னால் படுக்கைவசமாக இருக்கும் பெரிய சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட வேண்டும்.

ஏன் சொல்லாமல் போனார்? என் ஊகம் இது. கார்ல் பென்ஸ் ஒன்றைச் செய்து முடித்தாலும் முடிந்ததாக ஒப்புக்கொள்ளாத மனிதர். காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டு இரண்டரை வருஷம் ஆகியும் திருத்திக்கொண்டே இருந்தார். வாங்க ஆள் வரவில்லை. 1888 ஆகஸ்ட் 1ஆம் தேதிதான் சாலையில் ஓட்டிப் பார்க்க அதிகாரப்பூர்வமான அனுமதி கைக்கு வந்திருந்தது. வண்டி ஊருக்குள் சுற்றும் விளையாட்டுச் சாமானா, ஊர் போய்ச் சேருமா என்பது யாருக்கும் தெரியாது. கேட்டிருந்தால் அவர் இன்னும் ஒரு மாதம் பொறு என்றிருப்பார். பணம் போட்டவர் பெர்த்தா. அவர் எதற்குப் பொறுக்க வேண்டும்?

லாடன்பர்க் வழியாகத்தான் பாதை. அந்த ஊரைக் கடைசி நாளுக்கு வைத்திருப்பதால் நிற்காமல் தாண்டினோம். ஷ்ரீஸ்ஹைம், டோசன்ஹைம், இடது பக்கம் மலைச்சரிவில் திராட்சை, வலது பக்கம் சமவெளி. ஹைடல்பெர்க்கில் சுற்றுலாக் கூட்டம். பாலத்தைத் தாண்டி ரொட்டி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டோம். லைமன், நுஸ்லோக். பதினொன்றரைக்கு வீஸ்லோக்.

வீஸ்லோக்கில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். நான் பார்க்க ஆசைப்பட்டு வந்த இடம் அதுதான்.

அன்றைய வண்டியில் பெட்ரோல் டேங்க் என்று தனியாகக் கிடையாது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரிலேயே நாலரை லிட்டர் பிடிக்கும், அவ்வளவுதான். 100 கிலோமீட்டருக்கு இது போதாது. பெட்ரோல் பங்க் என்ற ஒன்று உலகத்திலேயே கிடையாது. ஆனால் லிக்ராயின் என்று ஒரு திரவம் இருந்தது. பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது, சட்டென்று ஆவியாகும், துணியில் கறை எடுக்க உதவும். அதை விற்ற இடம் மருந்துக்கடை. வீஸ்லோக்கின் நகர மருந்துக்கடையில் வில்லி ஓக்கர் என்கிற மருந்தாளுநரிடம் பெர்த்தா லிக்ராயின் வாங்கினார். கறை எடுப்பதற்கு இவ்வளவா என்று அவர் திகைத்திருந்தால் ஆச்சரியமில்லை.

அந்தக் கடைக்கு முன்னால் நினைவுச் சின்னம் இருக்கிறது. உலகின் முதல் பெட்ரோல் நிலையம் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும், உண்மைதான். நான் நினைத்துக்கொண்டது வேறு. அவர் மருந்துக்கடைக்காரராகவே இருந்தார். தனக்குத் தெரியாத ஒரு தேவைக்குத் தன் அலமாரியில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். வழி நெடுக இதே கதைதான். வண்டிக்கென்று ஒரு உலகம் அன்றைக்கு இல்லை. மெக்கானிக் இல்லை, உதிரி பாகம் விற்கும் கடை இல்லை. மருந்து விற்பவர், கொல்லர், செருப்புத் தைப்பவர், ஏற்கெனவே ஊரில் இருந்த கைகள்தான் அந்த வண்டியை ஃபோர்ட்ஸ்ஹைம் வரைக்கும் கொண்டுபோய்விட்டுத் திரும்பவும் கொண்டுவந்தன.

எரிபொருளாவது பரவாயில்லை. தண்ணீர்தான் பெரிய பாடு. எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். ரேடியேட்டர் வருவதற்கு முந்திய காலம். கிணறு, குழாய், சத்திரம், எங்கே கண்டாலும் நிறுத்தி ஊற்ற வேண்டும்.

அப்புறம் இரண்டு சின்னப் பழுதுகள். எரிபொருள் வரும் குழாய் அடைத்துக்கொண்டது. பெர்த்தா தொப்பியில் செருகியிருந்த ஊசியை எடுத்துக் குத்திச் சரிசெய்தார். தீப்பொறிக்கான மின்கம்பியின் மேலுறை தேய்ந்து மின்சாரம் கசிந்தது. காலுறையைப் பிடித்திருக்கும் கார்ட்டரைக் கழற்றி அதில் சுற்றினார். இந்த இரண்டையும் எல்லோரும் சுவையான துணுக்காகச் சொல்வார்கள். ஒரு பட்டறைக்காரர் மகளாக எனக்கு வேறு மாதிரி படுகிறது. வண்டி நின்றால் அடைப்பு எரிபொருளிலா, கோளாறு மின்சாரத்திலா என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஊசியும் கார்ட்டரும் அதற்குப் பிறகுதான். பதினாறு வருஷம் பட்டறைக்குள் பக்கத்தில் நின்றவருக்குத்தான் அது வரும்.

மதியத்துக்கு மேல் உப்ஸ்டாட்டில் மழை பிடித்துக்கொண்டது. பேருந்து நிறுத்தத்தில் ஒண்டிக்கொண்டு நாற்பது நிமிஷம். மகன் ஃபோனில் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் படம் பார்த்தான். உறிஞ்சு, அழுத்து, வெடி, வெளியேற்று என்று தமிழில் சொல்லிக் கொடுத்தேன். என் அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்த அதே வார்த்தைகள்.

ப்ருக்ஸாலில் தங்கல். இங்கேதான் ஒரு கொல்லர் வண்டியின் சங்கிலியைச் சரிசெய்து கொடுத்தார். பெரிய அரண்மனை இருக்கிறது இந்த ஊரில், வெளியிலிருந்து பார்த்தோம். கால் கெஞ்சுகிறது.

மூன்றாம் நாள்: ப்ருக்ஸால் – க்ரோட்ஸிங்கன் – வில்ஃபர்டிங்கன் – ஃபோர்ட்ஸ்ஹைம்

தூரம் நேற்றைய அளவுதான். ஆனால் இன்று மேடு.

வைன்கார்ட்டன் வழியாக க்ரோட்ஸிங்கன் வரைக்கும் சமதரை. இங்கிருந்து கார்ல்ஸ்ரூவ மிகப் பக்கம். அந்த நகரத்தின் ஓரத்தில் ம்யூல்பர்க் என்ற இடத்தில்தான் 1844இல் கார்ல் பென்ஸ் பிறந்தார். க்ரோட்ஸிங்கனிலிருந்து பாதை கிழக்கே திரும்பி, பள்ளத்தாக்குக்குள் நுழைந்து, பெர்க்ஹவுசன், ஸோலிங்கன் என்று மெல்ல மெல்ல ஏறுகிறது. வில்ஃபர்டிங்கனைத் தாண்டினால் ஏற்றம் நிஜமாகவே ஆரம்பிக்கிறது. காரில் போனால் காலை ஆக்சிலரேட்டரில் கொஞ்சம் கூடுதலாக வைப்போம், மேடு என்றே தோன்றாது. மிதித்தால் தெரியும்.

பென்ஸ் வண்டிக்கு இந்த மேடு முடியவில்லை. ஒருவர் பிடியைப் பிடித்துக்கொள்ள மற்ற இருவரும் இறங்கித் தள்ளினார்கள். 39 வயது அம்மா, நீண்ட பாவாடை, ஆகஸ்ட் வெயில். நாங்களும் இறங்கித் தள்ளினோம். வேண்டுமென்று இல்லை, எனக்கு மூச்சு முட்டியதால்தான். மகன் மேலே போய்த் தன் சைக்கிளைச் சாத்திவிட்டுத் திரும்பி இறங்கி வந்து என்னுடையதையும் வாங்கிக்கொண்டான். "நீ நட, நான் தள்றேம்மா" என்றான். ஒன்றும் பேசாமல் கொஞ்ச தூரம் நடந்தேன்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு பெர்த்தா கணவரிடம் சொன்ன யோசனைகளில் முக்கியமானது இந்த மேட்டில் பிறந்தது. ஏற்றத்துக்கென்று இன்னொரு கியர் வேண்டும். கார்ல் பென்ஸ் அதைச் சேர்த்தார். இன்றைக்கு மலைப்பாதையில் கியரைக் குறைத்துப் போடுகிற ஒவ்வொரு ஓட்டுநரின் கையிலும் இந்த வில்ஃபர்டிங்கன் மேட்டின் ஞாபகம் கொஞ்சம் இருக்கிறது.

நாலு மணிக்கு ஃபோர்ட்ஸ்ஹைமுக்குள் இறங்கினோம். பெர்த்தா வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. வந்ததும் கணவருக்குத் தந்தி அடித்தார்.

ஃபோர்ட்ஸ்ஹைம் நகை ஊர். பொற்கொல்லர்கள், நகைப் பட்டறைகள், நகைக்கென்றே ஓர் அருங்காட்சியகம். பெர்த்தா இங்கே 1849 மே 3இல் பிறந்தார். அப்பா வசதியான கட்டடக்காரர். குடும்பத்தில் குழந்தை பிறந்தால் வேதப் புத்தகத்தில் எழுதி வைப்பது அவர்கள் வழக்கம். பெர்த்தா பிறந்த நாளன்று அப்பா எழுதியது: "துரதிர்ஷ்டவசமாக மறுபடியும் ஒரு பெண்." சிறுமியாக இருக்கும்போதே பெர்த்தா அதைத் தற்செயலாகப் படித்துவிட்டார்.

இதைச் சொன்னபோது என் மகன் முதலில் நம்பவில்லை. பைபிளிலா, என்று இரண்டு முறை கேட்டான். எனக்கு அதில் அதிர்ச்சி இல்லை. இரண்டாவதும் பொட்டப்பிள்ளையா என்று என் அம்மாவின் காது படவே ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசியிருக்கிறார்கள். அந்த இரண்டாவது நான். அப்பா மட்டும் அன்றைக்குப் பட்டறையில் மிட்டாய் கொடுத்தாராம். அதற்காகவே அவரைப் பற்றி ஒரு சொல் குறைவாகப் பேச எனக்கு வராது.

பெர்த்தா வந்து இறங்கிய பழைய ஊரை இன்று தேட முடியாது. 1945 பிப்ரவரி 23 இரவு விமானக் குண்டுவீச்சில் ஏறக்குறைய இருபதே நிமிஷத்தில் ஊரின் நடுப்பகுதி முழுக்க எரிந்தது. 17,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இப்போதிருப்பது போருக்குப் பின் கட்டிய ஊர், நேர்கோட்டுக் கட்டடங்கள். அருங்காட்சியகத்தில் பழைய நகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகன், "அம்மாயி வளையல் என்ன ஆச்சு? அப்பிச்சி மீட்டாரா?" என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். நான் கேட்டதே இல்லை.

நான்காம் நாள்: ஃபோர்ட்ஸ்ஹைம் – பௌஷ்லாட் – பிரெட்டன் – ஹாக்கன்ஹைம்

நீண்ட நாள், கொஞ்சமாகத்தான் எழுதுகிறேன்.

சில நாள் தாய் வீட்டில் தங்கிவிட்டு பெர்த்தா திரும்பியது இந்த வழியில். மேடு பள்ளம் முதல் பாதியில்தான். ஏற்றத்தில் தள்ளலாம், இறக்கத்தில் என்ன செய்வது? அந்த வண்டியின் பிரேக் ஒரு மரக்கட்டை. அது சக்கரத்தில் போய் அழுந்தும். மரம் தேய்ந்துகொண்டே வந்தது. பௌஷ்லாட்டில் செருப்புத் தைக்கும் ஒருவரைப் பிடித்து, அந்தக் கட்டைகளுக்குத் தோல் வைத்துத் தைக்கச் சொன்னார் பெர்த்தா. பிரேக் லைனிங் என்று நாம் இன்று சொல்வதன் ஆரம்பம். பௌஷ்லாட் சின்ன ஊர். நாங்கள் போனபோது தெருவில் ஆளே இல்லை. ஒரு வீட்டுத் தோட்டத்தில் கனிந்து விழுந்த ப்ளம்ஸைப் பெரியவர் ஒருவர் பொறுக்கிக்கொண்டிருந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டு, பதில் கேட்டதும் கைநிறைய எடுத்துக் கொடுத்தார். அத்தனை இனிப்பு.

பிரெட்டன், கோண்டல்ஸ்ஹைம், மறுபடி ப்ருக்ஸால். அப்புறம் மேடே இல்லை. காடு, புகையிலை, சோளம். எதிர்காற்று மட்டும் விடாமல்.

ஹாக்கன்ஹைமில் மகனுக்கு உற்சாகம் பொங்கியது, ரேஸ் பாதை இருக்கும் ஊர். அது 1932இல் வந்தது. பெர்த்தாவின் வண்டி இந்த ஊர் வழியே போய் 44 வருஷம் கழித்து. பாதையின் வேலிக்கு வெளியே நின்று ஏதோ பயிற்சி ஓட்டத்தின் சத்தத்தை அரை மணி நேரம் கேட்டோம்.

ஐந்தாம் நாள்: ஷ்வெட்ஸிங்கன் – மன்ஹைம் – லாடன்பர்க்

காலை பத்தரைக்கு மன்ஹைம். சைக்கிள் மீட்டர் 201 காட்டியது, வழி தவறிய ஏழு கிலோமீட்டர் அதில் சேர்த்தி. ஷ்வெட்ஸிங்கன் பக்கம் வரும்போது மகனுக்கு ஒன்று சொன்னேன். 1817 ஜூனில் கார்ல் ட்ரைஸ் என்பவர் இரண்டு சக்கர ஓட்ட இயந்திரத்தை முதன்முதலாக ஓட்டிக் காட்டியதும் மன்ஹைமிலிருந்து ஷ்வெட்ஸிங்கன் போகும் சாலையில்தான். நம் சைக்கிளுக்கு அது பாட்டன். பென்ஸும் சைக்கிள் ஓட்டியவர். அவருடைய முதல் வண்டியின் கம்பிச் சக்கரங்கள் சைக்கிளிலிருந்து வந்தவை, 1883இல் புதுக் கம்பெனி தொடங்கப் பணம் போட்ட இருவரும் சைக்கிள் வியாபாரிகள்.

சைக்கிளோடு ரயிலேறி லாடன்பர்க். ரோமானியர் காலத்து ஊர், கல் பாவிய சந்துகள், பக்கத்திலேயே நெக்கர் ஆறு.

பெர்த்தா ஊர் திரும்பிய அடுத்த மாதம் ம்யூனிக் பொருட்காட்சியில் பென்ஸ் வண்டிக்குத் தங்கப் பதக்கம். பாரிஸில் எமில் ரோஜே என்கிற முகவர் விற்றுக் கொடுத்தார். 1894இல் வெலோ என்ற சின்ன வண்டி வந்தது, ஏறக்குறைய 1,200 விற்றது. 1899இல் ஒரே வருஷத்தில் 572 வண்டி. உலகத்திலேயே பெரிய கார் தொழிற்சாலை அன்று மன்ஹைமில் இருந்தது. இதெல்லாம் எல்லோரும் எழுதுவது. எனக்கு முக்கியமாகப் படுவது 1903. வேகமான கார் வேண்டும் என்று சந்தை கேட்டது, பென்ஸுக்கு அந்த வேகம் பிடிக்கவில்லை. கம்பெனியில் பிரெஞ்சு வடிவமைப்பாளர்களைக் கொண்டுவந்து வைத்தபோது நிர்வாகத்திலிருந்து விலகினார். தன் பெயர் போட்ட கம்பெனியை விட்டு 58 வயதில் வெளியேறி, இந்தச் சின்ன ஊருக்கு வந்து, 1906இல் மகன்களோடு மறுபடி ஒரு கம்பெனி ஆரம்பித்தார். ஆய்கன், ரிச்சர்ட், அதே இரண்டு பையன்கள். மொத்தம் 350 கார் போலத்தான் செய்தார்கள். வெற்றிக் கதை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எனக்கு அந்தக் கம்பெனி பிடித்திருக்கிறது.

அந்தத் தொழிற்சாலைக் கட்டடம்தான் இப்போது கார் அருங்காட்சியகம். உயரமான ஜன்னல், செங்கல் சுவர், எண்ணெய் வாசனை. முதல் வண்டியின் நகல் ஒன்றை அருகில் போய்ப் பார்க்கலாம். மகன் குனிந்து குனிந்து பார்த்தான், நான் அவனைவிட அதிகமாகப் பார்த்தேன். திருப்புவதற்கு ஸ்டீரிங் சக்கரம் கிடையாது. நட்டுக்கு நிற்கும் ஒரு கம்பத்தின் தலையில் காப்பி அரைக்கும் கையடக்க இயந்திரத்தில் இருப்பது போல ஒரு பிடி. கம்பத்தின் அடியில் பல்சக்கரம், அதிலிருந்து முன்சக்கரத்துக்குத் தண்டு. மூன்று சக்கரம் ஏன் என்றால், முன்னால் இரண்டு சக்கரத்தை ஒழுங்காகத் திருப்பும் வழி பிடிபடவில்லை. 1893இல்தான் பிடிபட்டது. சீட்டுக்குப் பின்னால் எஞ்சின் மூடாமல் கிடக்கிறது. பித்தளை எண்ணெய்க் கிண்ணங்கள், தோல் பெல்ட், இரண்டு பக்கமும் சங்கிலி. கையால் சுழற்றிக் கிளப்பும் அந்தப் பெரிய சக்கரம், ஃப்ளைவீல், அடியில் படுத்திருக்கிறது. நிற்கவைத்தால் அது சுழலும் வேகம் வண்டியைத் திருப்பவிடாமல் தடுக்கும் என்று பயந்து படுக்கப் போட்டிருக்கிறார். அந்தப் பயம் தேவையே இல்லாதது. பின்னால் அவரே நிமிர்த்தி வைத்தார். எல்லாம் தெரிந்த மேதை ஒருவர் செய்த வண்டி மாதிரி இல்லை அது. ராத்திரி முழுக்க யோசித்து, தெரியாததைத் தெரியாதென்று ஒத்துக்கொண்டு, மாற்று வழி போட்டு ஓட வைத்த பட்டறைக்காரர் செய்த வண்டி.

பென்ஸ் வீடு ஆற்றுப் பக்கம். தோட்டத்தில் காருக்காகக் கட்டிய கொட்டகை ஒன்று, குட்டிக் கோட்டைக் கொத்தளம் போல. 1929 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. நூற்றுக்கணக்கான கார்கள் வரிசையாக அவரைக் கௌரவிக்க இந்த வீட்டு வாசலுக்கு வந்தன. அவர் நோயில் படுத்திருந்தார். ஏப்ரல் 4இல் இறந்தார். பெர்த்தா இன்னும் 15 வருஷம் அதே வீட்டில் இருந்தார். 1944 மே 3, தொண்ணூற்றைந்தாவது பிறந்தநாளன்று, கணவர் படித்த கார்ல்ஸ்ரூவ கல்லூரி அவருக்குக் கௌரவ செனட்டர் பட்டம் கொடுத்தது. இரண்டு நாள் கழித்து அவர் காலமானார். ஒன்பது மாதத்தில் ஃபோர்ட்ஸ்ஹைம் எரிந்ததை அவர் பார்க்கவில்லை.

இருவர் கல்லறையும் ஊர் இடுகாட்டில். பூ வாங்க மறந்துவிட்டேன். சும்மா நின்றுவிட்டு வந்தோம்.

ஆற்றங்கரையில் உட்கார்ந்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். கோயம்புத்தூரில் ராத்திரி ஒன்பது மணி இருக்கும். பேரன்தான் கேட்டான்.

"அம்மாயி, லேத்துக்கு அடகு வெச்ச வளையல அப்பிச்சி மீட்டாரா?"

"மீட்டாரு சாமி, மூணு வருஷம் கழிச்சு. அப்புறம் ட்ரில்லிங் மெஷினுக்கு மறுபடி வெச்சோம். அதையும் மீட்டாரு."

"இப்ப எங்க இருக்கு?"

அம்மா என்னைப் பார்த்தார். "ஏங் கண்ணு, உனக்கே தெரியாதா? உன் கல்யாணத்துக்கு அந்த நாலையும் அழிச்சுத்தானே தோடும் செயினும் பண்ணுனோம்."

மகன் திரும்பி என் காதைப் பார்த்தான்.